காட்டன் கொண்டுவந்த நீர் யார் வயலில் பாய்ந்தது?

ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் பயணம் செய்வோர் இரண்டு மனிதர்களின் சிலைகளைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். ஒருவர் ஆங்கிலேய இராணுவ உடையில் நிற்பவர். சில இடங்களில் குதிரை மீது அமர்ந்திருப்பவர். அவர் ஆர்தர் காட்டன். மற்றவர் நீலச் சட்டையும் கையில் அரசமைப்புச் சட்டமுமாக நிற்கும் அண்ணல் அம்பேத்கர். காட்டனின் சிலைகள் அணைக்கட்டிலும் கால்வாய்க் கரைகளிலும் ஊரின் நடுவிலும் இருக்கின்றன. அம்பேத்கரின் சிலைகளில் பல மாலா, மாதிகா மக்களின் குடியிருப்பு வாசல்களில் நிற்கின்றன.

2022 மே 24 அன்று, இந்தக் கழிமுகத்தின் நடுவிலுள்ள அமலாபுரம் நகரம் பற்றி எரிந்தது. புதிதாக உருவாக்கப்பட்ட கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கரின் பெயரைச் சேர்க்க அரசு முடிவெடுத்ததே அதற்குக் காரணம். தலித் சமூகத்தைச் சேர்ந்த அமைச்சர் ஒருவரின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. எதிர்ப்புகளை மீறி அவ்வாண்டே பெயர் சேர்க்கப்பட்டது. ஆனாலும் அந்தத் தீ ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. கடல் கடந்து வந்த ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் அணைக்கும் தெருவுக்கும் சூட்டி மகிழ்ந்த மண்ணுக்கு, இந்நாட்டின் அரசமைப்பை வரைந்தவரின் பெயர் ஏன் கசந்தது? இதற்கு விடை தேடினால் ஆர்தர் காட்டனின் வாழ்வையும், அவர் கொண்டுவந்த நீர் சென்ற வழியையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

போர்க்களத்திலிருந்து ஆற்றங்கரைக்கு

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். பதினொரு ஆண்மக்களில் பத்தாமவர். சகோதரர்களில் பலர் இராணுவத்தில் சேர்ந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அதிகாரிகளை உருவாக்கிய அடிஸ்கோம் கல்லூரியில் அவர் பதினைந்து வயதில் சேர்ந்தார். 1819இல் சென்னைப் பொறியாளர் படையில் இரண்டாம் லெப்டினன்டாக நியமனம் பெற்றார். வேல்ஸ் பகுதியில் சிறிது காலம் நில அளவைப் பணி செய்துவிட்டு 1821இல் சென்னை வந்து இறங்கினார். வந்த சில ஆண்டுகளிலேயே மாகாணத்தின் தென்மாவட்டங்களில் ஏரிகள் குளங்கள் குறித்த பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாம்பன் கால்வாயை அளந்தவர்களில் அவரும் ஒருவர்.

1824இல் முதல் பர்மியப் போர் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் அப்போரில் பணியாற்றிய காட்டன், கோட்டைகளையும் மரவேலி அரண்களையும் தாக்கிய படைப்பிரிவுகளை முன்னின்று நடத்தினார். அந்தப் போரில் சென்னைப் பயனியர் பட்டாளமும் இருந்தது. பாதை வெட்டுவது, பாலம் அமைப்பது, அரண் தகர்ப்பது ஆகியவை அப்பட்டாளத்தின் வேலைகள். சென்னைப் பொறியாளர் அதிகாரிகள் வகுத்த திட்டங்களைக் கையால் செய்து முடித்தவர்கள் அவ்வீரர்கள். அவர்களில் பறையர் சமூகத்தினர் பெருமளவில் இருந்தனர். பிற்காலத்தில் சென்னைச் சேப்பர்ஸ் என்ற பெயரில் புகழடைந்த படையின் முன்னோடிகள் அவர்களே. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க அனுமதிக்கப்படாதவர்கள், பேரரசுக்காக ஆறுகளின் மேல் பாலம் அமைத்தார்கள். காட்டனின் பொறியியல் வாழ்வு தொடங்கிய இடத்திலேயே ஒடுக்கப்பட்டோரின் உழைப்பும் இருந்தது. போர் முடிந்ததும் அதிகாரிகளின் பெயர்கள் பதிவேடுகளில் ஏறின. பயனியர்களின் பெயர்கள் ஏறவில்லை.

கல்லணை கற்பித்த பாடம்

1828இல் காவிரிப் பாசனம் குறித்து ஆராயும் பொறுப்பு காட்டனுக்கு வந்தது. அப்போது காவிரி ஓர் இக்கட்டில் இருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில், ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் நேரானது, சரிவும் மிகுந்தது. எனவே ஆண்டுக்கு ஆண்டு நீர் அந்தப் பக்கமே இறங்கியது. காவிரிப் படுகை மணல் மேவி உயர்ந்தது. தஞ்சைக்குச் செல்ல வேண்டிய நீர் வயலைத் தொடாமல் கடலைச் சேர்ந்தது. கால்வாய்களைத் தூர் வாரிப் பார்த்தும் பயன் நிலைக்கவில்லை.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினால் சிக்கல் தீரும் என்பது காட்டனின் முடிவு. ஆனால் ஆழமான மணற்படுகையில் அடித்தளம் எப்படி நிற்கும்? அதற்கான விடை பக்கத்திலேயே பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. பெருங்கற்களை ஈரமணலில் இறக்கினால் அவை அமிழும். மேலும் மேலும் அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அமிழ்வது நின்றுவிடும். அந்த அடுக்கின் மேல் கட்டுமானம் எழுப்பலாம். கல்லணையைக் கட்டியவர்கள் அறிந்திருந்த நுட்பம் இது. காட்டன் அதை ஆராய்ந்து கற்றுக்கொண்டார். அந்நாட்டினரிடமிருந்து கற்றதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளவும் செய்தார். 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டி முடிக்கப்பட்டன. தஞ்சைப் பாசனம் மீண்டது. கீழணையின் நீர் வீராணம் ஏரி வரை சென்றது. நிலத்தின் மதிப்பும் அரசின் வரி வருவாயும் உயர்ந்தன.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1836இல் அந்த வயல்களில் இறங்கி உழுதவர்கள் யார்? மிராசுதார்கள் பிராமணரும் வேளாளரும் பிற நிலவுடைமைச் சாதியினருமாக இருந்தனர். உழுதவர்களில் பெரும்பாலோர் பறையரும் பள்ளருமான பண்ணையாட்கள். அவர்கள் சட்டத்தின் பார்வையிலும் அடிமைகளாகவே இருந்த காலம் அது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று அறிவித்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே மேலணை திருப்பிவிட்ட முதல் நீர், விற்கவும் அடகு வைக்கவும் கூடிய மனிதர்கள் நின்ற சேற்றில்தான் பாய்ந்தது. நிலத்தின் விலை கூடியபோது நிலவுடைமையாளர் செழித்தார். பண்ணையாளுக்குக் கிடைத்தது கூடுதல் நடவும் கூடுதல் அறுப்பும்.

நீரைக் காத்தவர்களும் அவர்களே. தமிழகத்தின் பல ஊர்களில் ஏரியின் மடை திறப்பதும், இரவில் கரை காப்பதும், வயலுக்கு வயல் முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்ட தலித்துகளின் வேலையாக இருந்தன. நீரின் ஒவ்வொரு துளியையும் அறிந்தவர்களுக்கு அந்நீரில் உரிமை இல்லை.

பஞ்சத்தின் கணக்கு

காட்டனின் பெயரை நிலைநிறுத்தியது கோதாவரி. 1832–33இல் குண்டூர்ப் பகுதியைப் பெரும்பஞ்சம் தாக்கியது. அப்பகுதி மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பக்கத்திலிருந்த ராஜமுந்திரி மாவட்டத்தில் 1821இல் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை, இருபது ஆண்டுகளில் ஐந்தரை லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியது. மக்கள் இறந்தார்கள், எஞ்சியோரில் பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். இத்தனைக்கும் அந்த நிலத்தின் நடுவே, மழைக்காலத்தில் கரைபுரண்டு ஓடும் பேராறு ஒன்று ஆண்டுதோறும் கடலில் கலந்துகொண்டிருந்தது.

உடல்நலம் குன்றி டாஸ்மேனியா சென்ற காட்டன், அங்கே 1841இல் எலிசபெத் லியர்மந்த் என்பவரை மணந்துகொண்டு இந்தியா திரும்பியிருந்தார். ராஜமுந்திரி மாவட்டத்தின் சீரழிவை அரசு ஆராயத் தொடங்கிய 1844ஆம் ஆண்டில், அவர் கோதாவரியை அளந்து அறிக்கை தந்தார். இந்தப் படுகையில் மண்ணும் உண்டு, நீரும் உண்டு. இரண்டையும் சேர்க்காதது ஆட்சியின் தவறு என்பது அவர் அறிக்கையின் சாரம். தன் வாதத்தை அவர் இரண்டு மொழிகளில் முன்வைத்தார் எனலாம். ஒன்று மனிதநேயத்தின் மொழி, மற்றொன்று லாபத்தின் மொழி. அணைக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வரியாக எத்தனை மடங்கு திரும்பும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கம்பெனியின் இயக்குநர்களுக்கு இரண்டாம் மொழி நன்றாகப் புரிந்தது.

1847இல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது. அங்கே கோதாவரியின் அகலம், நடுவிலுள்ள திட்டுகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். தவளேஸ்வரம், ராலி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என நான்கு பகுதிகளாக அணை எழுந்தது. அருகிலிருந்த குன்றிலிருந்து கல் உடைத்து இறக்கினர். ஏறத்தாழ பத்தாயிரம் கூலியாட்களும், தச்சரும் கொல்லருமாக ஆயிரம் பேரும் உழைத்தனர். வெயில் எரித்தது. வெள்ளம் கட்டியதை இடித்தது. இடிந்ததை மீண்டும் கட்டினர். காட்டன் ஒருமுறை உடல்நலம் கெட்டு விடுப்பில் சென்று திரும்பினார். 1852இல் அணை முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில், 1855இல், கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே பெஜவாடாவில் அவருடைய யோசனையின் வழியில் மற்றோர் அணையும் முடிந்தது.

கோதாவரிப் பணியில் ஈடுபட்ட இந்தியர்களில் வரலாறு பெயர் சொல்லி நினைவுகூர்பவர் வீணம் வீரண்ணா. தொழிலாளரைத் திரட்டி வேலையை மேற்பார்வையிட்ட பிராமணர். ராவ் பகதூர் பட்டம் பெற்றவர். அவருடைய திறமையைக் காட்டன் மனமாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டு தகுதியானதே. ஆனால் கல் சுமந்த பத்தாயிரம் பேரில் ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் எத்தனை பேர் என்று எண்ணி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் எந்தச் சாதிகளின் தலையில் விழுந்தன என்பதை அறிய நமக்குப் பதிவேடு தேவையில்லை.

அணைகளைத் தொடர்ந்து ஒரு சட்டமும் வந்தது. காட்டன் இன்னும் சென்னை மாகாணப் பணியில் இருந்த 1858ஆம் ஆண்டில் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரியோ ஆற்றுக் கரையோ உடையும் ஆபத்து நேர்ந்தால், உழைக்கும் வகுப்புகளைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை அதிகாரிகள் வேலைக்கு இழுத்துச் செல்லலாம். வர மறுத்தால் தண்டனை. கூலி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை. கரை உடைந்தால் பயிரை இழப்பவர் நிலவுடைமையாளர். நள்ளிரவில் வெள்ளத்தில் இறங்கிக் கரையைக் காக்கக் கடமைப்பட்டவர் நிலமற்றவர். நவீனப் பாசனமும் பழைய வெட்டியுழைப்பும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்பதற்கு இச்சட்டத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விசுவாசி

காட்டன் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். இளமையிலேயே அவரைப் பற்றிய அந்த நம்பிக்கை இறுதிவரை தளரவில்லை. படைப்பில் வீணானது எதுவுமில்லை, கடலில் வீணாகும் ஆறு மனிதரின் அசட்டையைக் காட்டுகிறது என்ற எண்ணம் அவருடைய பொறியியலுக்கு அடியில் ஓடியது. பஞ்சத்தை அவர் இறைவனின் தண்டனை என்று சொல்லி ஒதுங்கவில்லை. ஆளுவோரின் குற்றம் என்றார். அவர் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

அவருடைய விசுவாசம் இன்னொரு வழியிலும் கழிமுகத்தைத் தொட்டது. 1830களின் தொடக்கத்தில் விடுப்பு முடிந்து தரைவழியாக இந்தியா திரும்பியபோது, பாக்தாத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரை அவர் சந்தித்தார். குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவர் பின்னர் இங்கிலாந்தில் திரட்டிய ஊழியர்களில் வில்லியம் போடன், ஜார்ஜ் பியர் குடும்பங்கள் 1836இல் இந்தியாவை அடைந்து கோதாவரிக் கழிமுகத்தில் குடியேறின. அவர்கள் தொடங்கிய சபைகளில் சேர்ந்தவர்களில் மாலா மக்கள் பெருமளவில் இருந்தனர். ஊரின் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென ஒரு வழிபாட்டு இடத்தையும், பள்ளியையும், எழுத்தையும் அங்கே கண்டார்கள். ஆதிக்கச் சாதிகளின் அனுமதி கேட்காமல் கிடைத்த முதல் எழுத்து அது.

ஆயினும் காட்டனின் கணக்குப் புத்தகத்தில் ஏக்கரும் வரியும் விளைச்சலும் இருந்தன, சாதி இல்லை. குடியானவர் என்று அவர் குறிப்பிட்டபோது பட்டாவில் பெயருள்ளவரே பெரும்பாலும் அதில் அடங்கினார். பட்டாவில் பெயரில்லாதவர் உழைப்பு என்ற தலைப்பின் கீழ் வந்தார். நீர் எல்லோருக்குமானது என்று நம்பிய ஒரு விசுவாசிக்கு, நிலத்தின் வழியாகத்தான் நீர் மனிதரை அடைகிறது என்பதும், அந்நிலம் சாதியின் கையில் இருக்கிறது என்பதும் கேள்வியாக எழவில்லை. இது அவர் ஒருவரின் குறை மட்டுமல்ல. நில உரிமையைத் தொடாமல் வரியைப் பெருக்க விரும்பிய ஓர் ஆட்சியின் பார்வையும் அதுவே.

முதுமை

1861இல் காட்டனுக்கு சர் பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. இந்தியாவுக்கு முதலில் தேவை ரயில் அல்ல, நீர் என்று எழுதினார், பேசினார், வழக்காடினார். ஆறுகளை இணைத்துக் கால்வாய் வெட்டினால் பாசனமும் நடக்கும், படகில் தானியமும் மலிவாகச் செல்லும் என்பது அவர் வாதம். ரயிலில் முதலிட்ட லண்டன் செல்வந்தர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய கணக்குகள் எல்லா இடத்திலும் பலிக்கவும் இல்லை. கர்நூல்–கடப்பைக் கால்வாயை வெட்டிய தனியார் நிறுவனம் நட்டத்தில் முடிந்தது.

1876–78இல் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். முதலில் மாண்டவர்கள் நிலமற்ற கூலிகள். சென்னை மாகாணத்தில் அதன் பொருள், பெரும்பாலும் தலித்துகள். ரயில் ஓடிய ஊர்களிலும் மக்கள் செத்தார்கள். கோதாவரிக் கழிமுகமோ அந்தப் பேரழிவிலிருந்து தப்பியது. பிற பகுதிகளுக்கும் அரிசி அனுப்பியது. காட்டன் சொன்னது மெய்யானதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. ஆனாலும் 1878இல் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தபோது, எழுபத்தைந்து வயதான அவரைக் கனவு காண்பவராகவே பலர் நடத்தினர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அவருக்கு ஆதரவாக நின்றார். இறுதி ஆண்டுகளை டார்கிங் என்ற ஊரில் கழித்த காட்டன், அங்கும் மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விளைச்சலைக் கூட்டும் சோதனைகளில் ஈடுபட்டார். 1899 ஜூலை 24 அன்று, தொண்ணூற்றாறு வயதில் காலமானார்.

நீர் சென்ற வழி

காட்டனின் அணையால் இன்று ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. பழைய அணைக்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய தடுப்பணைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. கழிமுகத்தில் பட்டினிச் சாவு அரிதாயிற்று. அந்த நன்மை சேரியையும் எட்டியது என்பதை நாம் மறுக்கக் கூடாது. பஞ்சத்தில் முதலில் விழும் உடல்கள் நம்முடையவை. பஞ்சத்தைத் தடுத்த மனிதருக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் நெல் செல்வமாக மாறியபோது அது நிலமுள்ள சாதிகளிடம் குவிந்தது. அரிசி ஆலைகள், சர்க்கரை ஆலைகள், கல்வி நிறுவனங்கள், திரைப்படத் தொழில், கட்சிகள் என்று அந்தச் செல்வம் கிளைத்தது. கழிமுகத்தின் தலித்துகளோ ஆண்டுக்கூலிக்கு அமர்த்தப்படும் பாலேர்களாகவே நீடித்தனர். ராஜமுந்திரியில் பிறந்த தலித் கவிஞர் குசும தர்மன்னா, வெள்ளையர் ஆட்சி வேண்டாம் என்று நாடே பாடிக்கொண்டிருந்த 1921இல், கறுப்பு ஆண்டைகளின் ஆட்சியும் எங்களுக்கு வேண்டாம் என்று பாடினார். தவளேஸ்வரம் அணை அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அணை வந்து எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாடல் தேவைப்பட்டது.

நூற்றாண்டின் பிற்பகுதி அதைவிடக் கொடியது. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். காவிரி நீர் பாயும் வயல்களின் நடுவில் அது நடந்தது. 1985 ஜூலையில் கரையோர ஆந்திராவின் காரம்சேடுவில், மாதிகா மக்களின் குடிநீர்க் குளத்தை அசுத்தப்படுத்தியதை ஒரு பெண் தட்டிக் கேட்டதிலிருந்து எழுந்த மோதலில் ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1991 ஆகஸ்ட் 6 அன்று கிருஷ்ணா கழிமுகத்தின் சுண்டூரில் எட்டு தலித்துகள் கொல்லப்பட்டனர். அவர்களில் சிலரின் உடல்கள் சாக்குகளில் கட்டிக் கால்வாயில் வீசப்பட்டன. பஞ்சத்தை ஒழிக்க வெட்டிய கால்வாய்களின் நாடு அது. அந்த வழக்கில் கீழ் நீதிமன்றம் வழங்கிய தண்டனைகளை 2014இல் உயர் நீதிமன்றம் நீக்கிக் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது.

சபைகளில் கிடைத்த விடுதலைக்கும் ஒரு விலை வைக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியேற்றியது. போடன், பியர் காலத்துச் சபைகளின் வாரிசுகள் ஞாயிறன்று ஜெபித்துவிட்டு, திங்களன்று சான்றிதழுக்காகத் தம் நம்பிக்கையை மறைக்க வேண்டிய நிலை இன்றும் தொடர்கிறது. சாதி அவர்களைச் சேரியில் கண்டுபிடிக்கிறது. அரசு ஆணை அவர்களைச் சேரியில் காண மறுக்கிறது.

இரண்டு சிலைகள்

காட்டனுக்குப் பிறகு இந்திய ஆறுகளைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் அம்பேத்கர் என்பதைப் பலர் அறிவதில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் மகாநதித் திட்டத்துக்கும் அடித்தளம் அமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நீர்வழிகளுக்கும் பாசனத்துக்குமான மத்திய ஆணையம் 1945இல் அவர் காலத்தில்தான் உருவாயிற்று. வெள்ளமாக அழிக்கும் நீரைச் சேமித்து வளமாக்க வேண்டும் என்பதில் காட்டனும் அம்பேத்கரும் ஒரே கட்சி.

ஆனால் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் இறங்கி நீர் அருந்தியவர். நீரின் அளவைப் பற்றிப் பேசும் முன் நீரின் உரிமையைப் பற்றிப் பேசியவர். 1947இல் அரசமைப்புக்காக அவர் எழுதிய திட்டத்தில், விளைநிலம் அனைத்தையும் அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றி ஊர் மக்களுக்குக் கூட்டுப் பண்ணைகளாகப் பிரித்துத் தர வேண்டும் என்றார். காட்டனின் கணக்கில் விடுபட்ட வரி அங்கேதான் எழுதப்பட்டிருந்தது. நாடு அந்த வரியை ஏற்கவில்லை.

அமலாபுரத்தின் தீயை இப்போது புரிந்துகொள்ளலாம். காட்டனின் சிலை நிலவுடைமையாளரிடம் எதையும் கேட்பதில்லை. அவர்களுக்கு அவர் கொடுத்தவர். கொடுத்ததைத் திரும்பக் கேட்காமல் போய்விட்டவர். அம்பேத்கரின் சிலையோ கேட்கிறது. நீர் வந்த பிறகு நிலம் யாருடையது என்று கேட்கிறது. கல் சுமந்தவர் பெயர் எங்கே என்று கேட்கிறது. ஒரு மாவட்டத்தின் பெயர்ப் பலகையில்கூட அந்தக் கேள்வி நிற்கக் கூடாது என்று நினைத்தவர்களே தீ வைத்தார்கள்.

காட்டனின் சிலையை நாம் இறக்க வேண்டியதில்லை. பஞ்சத்தை விதி என்று ஏற்க மறுத்த மனிதர் அவர்; அந்த மறுப்பு நமக்கும் வேண்டியது. ஆனால் அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம், அதன் பீடத்தில் பொறிக்கப்படாத பத்தாயிரம் பேரையும் சேர்த்து நினைப்போம். காட்டன் மணலில் கல்லை இறக்கிக்கொண்டே இருந்தார், அமிழ்வது நிற்கும்வரை. தவளேஸ்வரத்தின் அடியில் இன்றும் அந்தக் கற்கள் கிடக்கின்றன. அவற்றைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கும் நாளில்தான் அந்த அணையின் வேலை முடிந்ததாகும்.